தூக்குக் கூலியில் மூழ்கிய தோட்டம்

வணிகவியல் படிப்பவர்களுக்கு 'உள்தூக்குக் கூலி' என்ற வார்த்தை நன்றாகவே தெரியும். சரக்கின் விலை ஒன்று. அதை நம் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆகும் செலவு இன்னொன்று. வியாபாரக் கணக்கு தயாரிக்கும்போது பற்றுப் பக்கத்தில் கொள்முதலுக்குக் கீழே இதையும் எழுத வேண்டும். மறந்துவிட்டால் மொத்த லாபம் தப்பாக வரும். பரீட்சையில் இரண்டு மார்க் போகும், அவ்வளவுதான்.

ஆனால் சீனாவில் ஒரு பேரரசர் இந்தக் கணக்கைப் போடாமலே தன் தோட்டத்துக்குக் கற்களை வரவழைத்தார். அதன் பலனை அவருடைய நாடே அனுபவித்தது. இன்று வீட்டு முன்னால் நாலு அழகான பாறைகளையும் கொஞ்சம் கூழாங்கற்களையும் போட்டுத் தோட்டம் அமைக்க ஆசைப்படுபவர்களுக்கும் அந்தக் கதையில் பாடம் இருக்கிறது. கதையைப் பார்த்துவிட்டு, கடைசியில் நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

கல்லுக்குத் தரம் பிரித்தவர்கள்

தோட்டத்தில் கல் வைக்கும் பழக்கம் சீனாவில் மிகப் பழமையானது. டாங் வம்சக் காலத்தில் (618–907) அது பெரிய மனிதர்களின் பைத்தியமாகவே மாறிவிட்டது. நியூ செங்ரூ என்ற அமைச்சர் வேறு எந்தப் பொருளிலும் ஆசை வைக்காமல் கற்களை மட்டும் சேர்த்தார். அவருடைய நண்பரும் புகழ்பெற்ற கவிஞருமான பாய் ஜூயி, 843-ம் ஆண்டு அந்தக் கற்களைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். நியூ செங்ரூ தன் கற்களை அளவைப் பார்த்து நான்கு வகுப்புகளாகப் பிரித்தார். ஒவ்வொரு வகுப்பிலும் மேல், நடு, கீழ் என மூன்று தரம். அந்தத் தரத்தைக் கல்லின் பின்புறத்தில் செதுக்கியும் வைத்தார். நம் பாஷையில் சொன்னால் ஒழுங்கான சரக்கிருப்புப் பதிவேடு!

அவருடைய அரசியல் எதிரி லி தேயு. அரசியலில் எல்லா விஷயத்திலும் மோதிக்கொண்ட இந்த இருவரும் கல் பைத்தியத்தில் மட்டும் ஒன்றுபட்டார்கள். லோயாங் நகருக்கு அருகே தன் தோட்டத்தில் பல இடங்களிலிருந்தும் கற்களைக் கொண்டுவந்து நிரப்பிய லி தேயு, அதில் ஒரு கல்லையோ மரத்தையோ அடுத்தவருக்குக் கொடுப்பவன் நல்ல வாரிசு அல்ல என்று சந்ததிக்கு எழுதியே வைத்தார். கடைசியில் அவர் தெற்கே ஹைனான் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 850-ல் அங்கேயே இறந்தார். கற்கள் பின்னாளில் யார் யார் கைக்கோ போய்விட்டன.

எல்லோரும் விரும்பியது தைஹு ஏரிக் கற்களை. சூஜோ நகரத்தை ஒட்டி இருக்கும் பெரிய ஏரி அது. அதன் கற்கள் சுண்ணாம்புப் பாறை வகை. நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு லேசான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அலையும் சேர்ந்து அரிக்கும். இப்படியே பல நூறு, பல ஆயிரம் வருஷம் போனால் பாறை முழுக்க ஓட்டையும் பள்ளமுமாக விசித்திரமான உருவம் கிடைக்கும். மெலிந்திருக்க வேண்டும், சுருக்கங்கள் வேண்டும், ஊடுருவிப் பார்க்கத் துளைகள் வேண்டும், துளைகள் ஒன்றோடொன்று தொடர வேண்டும் என்று நான்கு இலக்கணங்கள் சொல்வார்கள். இதை வகுத்தவர் மி ஃபூ (1051–1107) என்ற ஓவியர் என்பது வழக்கு. இவர் ஒரு பாறைக்கு முன்னால் அங்கி அணிந்து வணங்கி, அதை அண்ணா என்று அழைத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

12-ம் நூற்றாண்டில் து வான் என்பவர் 116 வகைக் கற்களைப் பட்டியலிட்டு ஒரு நூல் எழுதினார். தைஹு கல்லை எடுக்கும் முறையும் அதில் இருக்கிறது. ஆட்கள் சுத்தியல், உளியோடு ஆழமான தண்ணீருக்குள் இறங்கிக் கல்லை வெட்டுவார்கள். பிறகு கயிறு கட்டிப் பெரிய படகிலிருந்து மேலே தூக்குவார்கள். ஆக, கல்லுக்கு ஏரி ஒரு காசும் கேட்கவில்லை. மூச்சடக்கி முங்கியவனுடைய கூலியிலிருந்துதான் செலவு ஆரம்பிக்கிறது.

மூன்று செடியில் ஆரம்பித்தது

இப்போது நம் கதாநாயகர் வருகிறார். சோங் வம்சத்தின் பேரரசர் ஹுய்சோங் 1100-ல் பட்டத்துக்கு வந்தார். ஆட்சி நடத்துவதில் எப்படியோ, கலையில் அவர் மாமேதை. ஓவியம், எழுத்துக்கலை இரண்டிலும் இன்றும் கொண்டாடப்படுபவர். ஒரு தோட்டக் கல்லை மட்டுமே வைத்து அவர் வரைந்த ஓவியம் இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருடைய தலைநகரம் இன்றைய கைஃபெங். தட்டையான சமவெளி. நகரின் வடகிழக்கு மூலையில் நிலத்தை உயர்த்தினால் ஆண் வாரிசுகள் பெருகும் என்று ஒரு தாவோ மதகுரு சொன்னதாக வரலாறு கூறுகிறது. முதலில் கொஞ்சம் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள். 1117-ல் பெரிய அளவில் செயற்கை மலை கட்டும் வேலை தொடங்கியது. 1122-ல் முடிந்தது. 'கென்யுவே' என்று பெயர். சுற்றளவு சுமார் 10 லி, அதாவது ஏறக்குறைய 5 கிலோமீட்டர். இல்லாத மலையை உண்டாக்க வேண்டுமென்றால் கல் வேண்டும். நல்ல கல் இருப்பதோ சூஜோவில். அது கைஃபெங்கிலிருந்து நேர்கோட்டிலேயே சுமார் 700 கிலோமீட்டர் தூரம்.

இந்த வேலைக்குக் கிடைத்தவர் சூஜோவைச் சேர்ந்த ஜூ மியான். இவர் தொடங்கிய விதம் கவனிக்க வேண்டியது. முதலில் பேரரசருக்கு மூன்று செடிகளை மட்டும்தான் அனுப்பினார். பேரரசர் பாராட்டினார். அடுத்த வருஷம் கொஞ்சம் கூடியது. அப்போதும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் ஏழு பொருட்கள், அவ்வளவே. 1105-ல் சூஜோவில் இதற்காகத் தனி அலுவலகமே திறந்தார்கள். அடுத்த பத்து வருஷத்தில் ஒரு படகின் வால் அடுத்த படகின் மூக்கில் இடிக்கும்படி கால்வாய் நிறையப் படகுகள். பத்துப் படகு சேர்ந்தால் ஒரு அணி. இந்த அணிகளுக்கு மக்கள் வைத்த பெயரின் பொருள் 'பூவும் கல்லும் சுமக்கும் படகு அணி' என்பது.

வரவு செலவுத் திட்டத்தில் கைமீறிப் போகும் செலவுகள் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகின்றன. முதல் தொகை சின்னதாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அடுத்த வருஷத் தொகையைப் போன வருஷத்தோடு ஒப்பிடுகிறோமே தவிர, முதல் வருஷத்தோடு ஒப்பிடுவதில்லை.

மஞ்சள் துணி

கற்களை எப்படிச் சேகரித்தார்கள்? கடையில் விலை கொடுத்து வாங்கினார்கள் என்று நினைத்தால் தவறு. யார் வீட்டிலாவது நல்ல கல்லோ மரமோ இருப்பது தெரிந்தால் வீரர்கள் உள்ளே நுழைவார்கள். அதன்மேல் மஞ்சள் துணியால் அடையாளம் இட்டுவிட்டால் அது பேரரசருடையது. அந்த நிமிஷத்திலிருந்து அதைக் காவல் காக்க வேண்டியது வீட்டுக்காரர். சின்னக் கீறல் விழுந்தாலும் ராஜ துரோகக் குற்றம். எடுத்துப் போகும் நாளில் வாசல் போதவில்லையென்றால் சுவரை இடிப்பார்கள், கூரையைப் பிரிப்பார்கள். நடுத்தரக் குடும்பங்கள் திவாலானதாகவும், சிலர் பிள்ளைகளையே விற்றதாகவும் சோங் வரலாறு பதிவு செய்திருக்கிறது.

அடுத்தது போக்குவரத்து. துளை நிறைந்த சுண்ணாம்புக் கல் வழியில் உடைந்துவிடும். அதற்கு ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டுபிடித்தார்கள். எல்லாத் துளைகளையும் பிசின் மண்ணால் அடைப்பார்கள். வெளியே சணல் நாரும் மண்ணும் கலந்து பூசி, பெரிய உருண்டையாக்கி, வெயிலில் கல் மாதிரி காய வைப்பார்கள். பிறகு மரவண்டியில் ஏற்றிப் படகில் சேர்ப்பார்கள். தலைநகரம் போனதும் தண்ணீரில் ஊற வைத்து மண்ணைக் கழுவினால் கல் முழுசாக வெளியே வரும். இன்று கண்ணாடிச் சாமானைத் தெர்மாகோலில் வைத்து அனுப்புகிறோமே, அதே யுக்தி. ஒரே ஒரு வித்தியாசம், பூசிய மண்ணின் எடையையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

1123-ல் போன ஒரு தைஹு கல்லின் உயரம் 4 ஜாங், ஏறக்குறைய 12 மீட்டர். நாலு மாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்காகவே பிரம்மாண்டமான கப்பல். இழுக்க ஆயிரக்கணக்கான ஆட்கள். வழியில் குறுக்கே வந்த பாலங்களைப் பிரித்தார்கள், மதகுகளை உடைத்தார்கள், நகரத்து மதில்களில் ஓட்டை போட்டார்கள். கல் வந்து சேர்ந்ததும் பேரரசர் அதற்குப் பட்டம் கொடுத்தார்!

இந்தக் கல்லின் உள்தூக்குக் கூலி எவ்வளவு? கப்பலும் ஆள் கூலியும் மட்டுமா? உடைத்த பாலத்தை யார் திரும்பக் கட்டுவது? மதகு உடைந்ததால் வயலுக்குத் தண்ணீர் போகாத விவசாயியின் நஷ்டம் எந்தப் பேரேட்டில் ஏறும்? இன்னொன்றும் உண்டு. படகுகள் போதாமல் தலைநகருக்குத் தானியம் கொண்டுபோகும் படகுகளையும் கல் சுமக்கப் பிடித்தார்கள். பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று படிக்கிறோம். ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட இன்னொன்றின் மதிப்புதான் அது. ஒரு படகு கல்லின் வாய்ப்புச் செலவு ஒரு படகு நெல்.

கணக்கு தீர்ந்த விதம்

1120-ல் ஃபாங் லா என்பவர் தலைமையில் இன்றைய ஜெஜியாங் மாகாணத்தில் பெரும் கிளர்ச்சி வெடித்தது. அரக்கு மரத் தோட்டம் வைத்திருந்தவர் அவர். அதிகாரிகளின் பிடுங்கலால் பாதிக்கப்பட்டவர். ஜூ மியானைக் கொல்வோம் என்பதே கிளர்ச்சிக்காரர்களின் கோஷம். ஹாங்ஜோ நகரம் உட்பட 6 மாநிலப் பிரிவுகளும் 52 வட்டங்களும் கலவரத்தில் சிக்கின. வடக்கே லியாவ் நாட்டின்மீது படையெடுக்கத் தயாராக இருந்த சேனையைத் தெற்கே திருப்ப வேண்டியதாயிற்று. 1121-ல் கிளர்ச்சி அடக்கப்பட்டது. கல் சேகரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள், ஜூ மியானையும் பதவியிலிருந்து நீக்கினார்கள். கலவரம் அடங்கியதும் அவர் மறுபடி பழைய செல்வாக்குக்கு வந்துவிட்டார். நான் மேலே சொன்ன 12 மீட்டர் கல் போன வருஷத்தைப் பாருங்கள், 1123. இரண்டே வருஷத்தில் பாடம் மறந்து போயிற்று.

1125-ல் வடக்கிலிருந்து ஜுர்சென் இனத்தவரின் ஜின் அரசு படையெடுத்தது. ஹுய்சோங் அவசரமாக மகனிடம் பட்டத்தைக் கொடுத்து விலகினார். 1126-ல் ஜூ மியான் கொல்லப்பட்டார். அப்போது அவரிடம் இருந்த நிலம் 3 லட்சம் மூ. ஒரு மூ என்பது ஏக்கரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. கல்லைச் சுமந்தவர்களுக்குப் போகாத காசு எங்கே போனது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

அதே ஆண்டின் கடைசியில் ஜின் படை மறுபடி வந்து தலைநகரை முற்றுகையிட்டது. உள்ளே விறகு இல்லை, சாப்பாடு இல்லை, ஆயுதம் போதவில்லை. புதிய பேரரசர் கென்யுவே தோட்டத்தைப் பிரிக்க உத்தரவிட்டார். பறவைகளை ஆற்றில் விட்டார்கள். மான்களைக் கொன்று வீரர்களுக்கு உணவாக்கினார்கள். மண்டபங்களை விறகுக்கு உடைத்தார்கள். 700 கிலோமீட்டர் தாண்டி, மண் பூசி, பாலம் உடைத்துக் கொண்டுவந்த அந்தக் கற்களைச் சுக்குநூறாக்கிக் கவண்பொறியில் வைத்து எதிரிகள்மேல் எறிந்தார்கள். எறிவதற்குத் துளையும் சுருக்கமும் தேவையில்லை, எந்தக் கல்லும் போதும்.

1127-ல் நகரம் வீழ்ந்தது. ஹுய்சோங்கும் மகனும் கைதிகளாக வடக்கே கொண்டுபோகப்பட்டார்கள். ஹுய்சோங் 1135-ல் அங்கேயே இறந்தார். ஒரு நாடு கல்லால் மட்டும் வீழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். ராணுவத் தவறுகள், தப்பான கூட்டணி என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் மிக வளமான தென்பகுதி மக்களின் நம்பிக்கையை அரசு இழந்ததில் கல்லுக்குப் பெரிய பங்கு இருந்தது.

அனுப்பப்படாமல் நின்றுபோனவை என்று சொல்லப்படும் சில கற்கள் இன்றும் இருக்கின்றன. சூஜோவின் லியூ தோட்டத்தில் 6.5 மீட்டர் உயரத்தில் ஒன்று, ஷாங்காயின் யூ தோட்டத்தில் ஒன்று. சுற்றுலாப் பயணிகள் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

குடி கெடுத்த கல்

பேரரசருக்குத்தான் இந்த கதியா? மிங் வம்சக் காலத்தில் மி வான்ஜோங் (1570–1628) என்ற அதிகாரிக்கும் கல் ஆசை. பெய்ஜிங்குக்குத் தென்மேற்கே மலையில் சுமார் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறையைக் கண்டு, தன் தோட்டத்துக்குக் கொண்டுவர முயன்றார். பாதி வழியில் லியாங்ஷியாங் என்ற ஊரோடு கல் நின்றுவிட்டது. சொத்து கரைந்ததுதான் காரணம் என்று ஊர் பேசியது. நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்த கல்லை, 18-ம் நூற்றாண்டில் சியென்லோங் பேரரசர் தன் கோடைக்கால அரண்மனைக்குக் கொண்டுபோனார். இன்றும் அங்கே இருக்கிறது. மக்கள் வைத்த பெயர் 'குடி கெடுத்த கல்'!

அதே காலத்தில் ஜி செங் என்ற தோட்டக் கலைஞர் 1631-ல் ஒரு நூலை எழுதி முடித்தார். தோட்டம் அமைப்பதைப் பற்றிய முக்கியமான சீன நூல் அது. கல்லைத் தேர்ந்தெடுப்பதற்குத் தனி அத்தியாயமே உண்டு. மலையில் கிடக்கும் கல்லுக்கு விலை கிடையாது, செலவெல்லாம் ஆள் கூலிதான் என்பது அவருடைய கணக்கு. நீர்வழி இருந்தால் தூரத்துக் கல்லை யோசிக்கலாம். இல்லையென்றால் பக்கத்தில் கிடைப்பதே போதும். பழைய பிரபலமான தோட்டத்துக் கல் என்று சொல்லி அதிக விலைக்கு விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள் என்றும் எச்சரிக்கிறார். எல்லோரும் தைஹு என்ற பெயருக்கு மயங்கிய காலத்தில், சாதாரண மஞ்சள் பாறையையும் அழகாக அடுக்கலாம் என்று சொன்னவர் அவர். ஹுய்சோங் காலத்தில் இப்படி ஒருவரைக் கணக்குப் பிள்ளையாக வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்!

நம் வீட்டுக் கணக்கு

வாக்களித்தபடி நம் வீட்டுக்கு வருவோம். கல் வாங்குமுன் மூன்று கணக்குகளைக் காகிதத்தில் போட்டுவிடுங்கள்.

முதலாவது, பரப்பும் கற்கள். நீளம், அகலம், கனம் மூன்றையும் மீட்டரில் பெருக்க வேண்டும். 6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலத்தில் 5 சென்டிமீட்டர் கனத்துக்குக் கூழாங்கல் பரப்பினால், 6 × 2.5 × 0.05 = 0.75 கன மீட்டர். கொட்டிய கூழாங்கல் ஒரு கன மீட்டர் சுமார் ஒன்றரை டன் வரும். ஆக, ஏறக்குறைய 1.1 டன். கனத்தை 10 சென்டிமீட்டர் ஆக்கினால் எடையும் இரட்டிப்பு. பார்ப்பவர் கண்ணுக்கு மேல் அடுக்கு மட்டும்தான் தெரியும், எனவே அடியில் எவ்வளவு போடுகிறோம் என்பதை யோசித்துத் தீர்மானியுங்கள்.

இரண்டாவது, தனிப் பாறைகள். 1 மீட்டர் உயரம், 0.6 மீட்டர் அகலம், 0.5 மீட்டர் தடிமன் உள்ள பாறையை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 0.3 கன மீட்டர். கெட்டிப் பாறை ஒரு கன மீட்டர் சுமார் 2.6 டன். அப்படியானால் 780 கிலோ. பாறை பெட்டி மாதிரி சதுரமாக இருக்காது என்பதால் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் 400 முதல் 500 கிலோ! இடுப்பு உயரக் கல்தானே, நாலு பேர் தூக்கி வைத்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.

மூன்றாவதுதான் எல்லோரும் விடுவது. வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, வாசலில் இறக்கிய கல்லைத் தோட்டம் வரை நகர்த்தும் கூலி, வழியில் உடையும் தரை ஓடு. இவை எல்லாவற்றையும் கல்லின் விலையோடு கூட்டிய பிறகுதான் அந்தக் கல்லின் உண்மையான அடக்கவிலை தெரியும். பக்கத்து ஊரில் கிடைக்கும் சுமாரான கல்லையும், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும் அருமையான கல்லையும் இந்தத் தொகையை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்து ஊர்க் கல் திடீரென்று அழகாகத் தெரிய ஆரம்பிக்கும்.

மனதுக்குப் பிடித்த கல்லுக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்வது தப்பில்லை. அந்தச் செலவை நாமே முழுசாக எழுதி, நாமே கட்ட வேண்டும். ஹுய்சோங் கணக்கில் அந்தப் பத்தி காலியாகவே இருந்தது. அதை வேறு யார் யாரோ கட்டினார்கள்.